"இது என் பள்ளிக்கூடம்" என்று பிள்ளைக்கு எப்போது தோன்றும்?

தென்னாப்பிரிக்காவில் ஜனவரி வந்துவிட்டால் தமிழ் வீடுகளில் ஒரே பரபரப்பு. கிரேடு 7 முடித்த பிள்ளை கிரேடு 8-க்கு, அதாவது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறது. டர்பன் வெயிலில் புது பிளேசர், காலைக் கடிக்கிற புது ஷூ. எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு, கணக்குக்கு யார் என்று ஆயாவில் இருந்து அடுத்த வீட்டு ஆன்ட்டி வரை எல்லோரும் கேட்கிறார்கள். பிள்ளை தனக்குள் கேட்டுக்கொள்வது வேறு. "அங்கே என்னை யாருக்காவது தெரியுமா? என்னை மாதிரி ஒருத்தருக்கு அங்கே இடம் இருக்கா?"

இந்தக் கேள்விக்கு "இருக்கு" என்று பதில் கிடைத்த பிள்ளைக்கு வரும் ஒட்டுதல் உணர்வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கல்வி உளவியலில் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் கேரல் குட்எனவ் 1993-ல் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தார். பள்ளியில் இருக்கும் மற்றவர்கள் தன்னை ஏற்றுக்கொள்கிறார்கள், மதிக்கிறார்கள், சேர்த்துக்கொள்கிறார்கள், தனக்குத் துணையாக இருக்கிறார்கள் என்று ஒரு மாணவர் எந்த அளவுக்கு உணர்கிறாரோ, அந்த அளவுக்கு அந்தப் பள்ளி அவருடையது. இதை அளக்க 18 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலையும் அவர் உருவாக்கினார். பல நாடுகளில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

நான்கும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். ஒரு பிள்ளையை யாரும் கிண்டல் செய்யாமல் இருக்கலாம், ஆனால் குழு வேலைக்கு யாரும் கூப்பிடாமலும் இருக்கலாம். வாத்தியார் அன்பாகப் பேசலாம், ஆனால் அந்தப் பிள்ளையால் பெரிதாக எதுவும் முடியாது என்று நினைத்து லேசான கணக்காகவே கொடுத்துக்கொண்டிருக்கலாம். அங்கே அன்பு இருக்கிறது, மதிப்பு இல்லை. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

இன்னொரு அடிப்படையான ஆய்வு 1995-ல் வந்தது. ராய் பாமைஸ்டர், மார்க் லீரி என்ற இருவர், சேர்ந்திருக்க வேண்டும் என்பது மனிதருக்குப் பசி, தூக்கம் மாதிரி அடிப்படைத் தேவை என்று எழுதினார்கள். அந்தத் தேவை நிறைவேற இரண்டு வேண்டும் என்றார்கள். ஒன்று, மனக்கசப்பு இல்லாத சந்திப்பு அடிக்கடி நடக்க வேண்டும். இரண்டு, அந்த உறவு நாளைக்கும் தொடரும், நம்மீது அக்கறை உள்ளவர்கள் இவர்கள் என்ற நம்பிக்கை வேண்டும். அடிக்கடி, தொடர்ந்து. ஆண்டுக்கு ஒரு பெரிய விழா வைத்து இதைக் கொண்டுவர முடியாததற்குக் காரணம் இதுதான். செப்டம்பர் 24, ஹெரிட்டேஜ் டே என்ற மரபு தினத்தன்று புடவையும் வேட்டியும் ஜூலு மக்களின் மணி அணிகளுமாகப் பள்ளி களைகட்டுகிறது, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் 25-ம் தேதி காலையில் அதே பிள்ளையின் பெயரை மூன்றாவது முறையாகத் தப்பாகக் கூப்பிட்டால், முதல் நாள் நடந்த விழா அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் செய்துவிடவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் ஏன் இது இவ்வளவு பெரிதாகிறது? தொடக்கப் பள்ளியில் ஒரு டீச்சருக்குப் பிள்ளையின் சளி, பயம், தம்பி பெயர் எல்லாம் தெரிந்திருக்கும். கிரேடு 8-ல் ஒன்பது பாடங்கள், பாடத்துக்குப் பாடம் வேறு ஆள். ஒவ்வொருவரும் ஒரு நாளில் நூறு, நூற்றைம்பது முகங்களைப் பார்க்கிறார். எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும், யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதே வயதில்தான் பிள்ளைக்குத் தான் யார் என்ற கேள்வியும் தொடங்குகிறது.

இரண்டு பக்கமும் நம்ம பிள்ளைகள்

தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு இந்த விஷயம் இரட்டிப்பாக முக்கியம் என்று நினைக்கிறேன்.

1860 நவம்பர் 16-ம் தேதி, சென்னையில் இருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அப்படி வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி தானாகக் கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் நேட்டாலில் இந்தியப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் பெரும்பாலானவை நம் ஆட்கள் காசு சேர்த்துக் கட்டி, அரசு உதவி வாங்கி நடத்தியவை. டர்பனில் 1929-ல் திறந்த சாஸ்திரி கல்லூரிக்கும் சமூகமே பணம் திரட்டியது. பிறகு இனவாரியாகத் தனித்தனி வசிப்பிடம் ஒதுக்கிய குழுப் பகுதிச் சட்டம் வந்து, வீடு வாசலை இழந்து டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் தள்ளப்பட்டபோது, அங்கே எழுந்த பள்ளிகளும் நமக்கு மட்டுமான பள்ளிகளாக இருந்தன. கட்டாயத்தால் வந்த தனிமைதான், ஆனாலும் அங்கே ஒரு பிள்ளை தன் மூக்குத்தியையோ கையில் கட்டிய காப்புக் கயிறையோ யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1994-ல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு கதவுகள் திறந்தன. நம் பிள்ளைகள் பலர், முன்பு வெள்ளையர்களுக்கு மட்டும் என்று இருந்த பள்ளிகளுக்குப் போனார்கள். நாம் விட்டு வந்த பள்ளிகளுக்கு அக்கம்பக்கத்து ஜூலு பிள்ளைகள் வந்தார்கள், வந்துகொண்டிருக்கிறார்கள். ஆக, ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நாம் புதிதாக வந்தவர்கள், இன்னோரிடத்தில் வாசலில் நின்று வரவேற்க வேண்டியவர்கள். இந்தியர்-கறுப்பினத்தவர் மோதலாகவும் மாறிய 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளையும் ஜூலு பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருந்தது. நம் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறோமோ, அதையே பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்கும் கேட்காவிட்டால் நம் கேள்விக்கு மதிப்பில்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு பழக்கத்தையும் இந்த இரண்டு பிள்ளைகளையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

பெயரில் தொடங்கலாம்

காலை ரெஜிஸ்டர் வகுப்பு. டீச்சர் பெயர் வாசிக்கிறார். நாயுடு, பிள்ளை, மூட்லி எல்லாம் தடையில்லாமல் போகிறது. அப்புறம் ஒரு ஜூலு பெயர். ஒரு நொடி தயக்கம், அரைகுறையாக ஒரு உச்சரிப்பு, பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு. அந்தப் பிள்ளை "பரவாயில்லை மேம், நோமி என்றே கூப்பிடுங்கள்" என்கிறது. எல்லோருக்கும் வேலை சுலபமாகிவிட்டது, அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும் வகுப்புக்கு வெளியே நின்றுவிட்டது. பெரிய நகரப் பள்ளியில் ஒரு திருமுருகனுக்கோ யோகேஸ்வரிக்கோ நடப்பதும் இதேதான்.

இந்த நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ரோலிஷ்லாஷ்லா என்ற சிறுவன் பள்ளிக்குப் போன முதல் நாளிலேயே, இனி உன் பெயர் நெல்சன் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். உலகம் அந்தப் பெயரால்தான் மண்டேலாவை அறிந்தது.

இதை மாற்றுவதற்குச் செலவே இல்லை. முதல் வாரத்தில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, "உன் பெயரை நீயே சொல்லு, நான் திருப்பிச் சொல்கிறேன், சரியா பார்" என்று கேட்கலாம். தனியாக என்பது முக்கியம், ஏனென்றால் வகுப்பு முன்னால் கேட்டால் அதுவே வேடிக்கையாகிவிடும். காதில் விழுந்த மாதிரியே ரெஜிஸ்டரில் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். ஜூலுவில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் மூன்று அடிப்படையானவை. அதில் ஒன்று நமக்கு ஏற்கெனவே கைவந்தது. நாம் இரக்கப்பட்டு "உச்சு" கொட்டுகிறோமே, அந்த ஒலிதான் நொம்செபோ என்ற பெயரின் நடுவில் வருகிறது. தமிழ் டீச்சர் ஒருவருக்கு ஐந்து நிமிடப் பழக்கம் போதும். முதலில் தப்பாக வந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாள் சரியாகச் சொன்னால், முயற்சி எடுத்தார் என்பதே பிள்ளையின் மனதில் நிற்கும்.

வாசல்

வகுப்பறை வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்பது. கேட்டால் சாதாரணமாக இருக்கும். கிளேட்டன் குக் என்பவரும் கூட இருந்தவர்களும் அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் 10 வகுப்பறைகளில் இதைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். பெயர் சொல்லி ஒரு வணக்கம், ஒரு நல்ல வார்த்தை, உள்ளே போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான். பாடத்தில் பிள்ளைகளின் ஈடுபாடு 20 சதவீதப் புள்ளிகள் கூடியது, இடையூறு 9 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் செய்து பார்ப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்திப் பள்ளியின் வெளி கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பல பள்ளிகளில் மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். தாமதமாக வந்த பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்கிறார்கள், மழையானாலும். ஒழுங்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தினமும் அந்த வரிசையில் நிற்பது யார் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருக்கிற பிள்ளைகளை விட, இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி வருகிற பிள்ளைகளும், தங்கச்சியைக் குழந்தைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற பிள்ளைகளும்தான் அங்கே அதிகம் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. ஏற்கெனவே ஒட்டாமல் இருக்கிற பிள்ளையிடம் பள்ளி பேசும் முதல் வார்த்தை பூட்டிய கேட்டாக இருந்தால், மற்ற எதுவும் அப்புறம் எடுபடாது. "வந்துட்டியா, நல்லது, உள்ளே போ, முதல் பிரேக்ல என்னை வந்து பாரு" என்று சொல்லி அனுப்பலாம். விசாரிப்பதைப் பிரேக்கில் விசாரிக்கலாம், தேவைப்பட்டால் கண்டிக்கவும் செய்யலாம்.

சந்தேகம் எப்படி வேலை செய்கிறது

ஒட்டுதலைப் பற்றிய ஆய்வுகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கிரெகரி வால்ட்டனும் ஜெஃப்ரி கோஹனும் செய்தது. ஒரு இடத்தில் தன் கூட்டம் சிறுபான்மையாக இருக்கும்போது, சின்னச் சின்ன விஷயங்களும் பெரிய கேள்விக்குப் பதிலாகத் தெரிகின்றன. கணக்கில் மார்க் குறைந்தால் மற்ற பிள்ளை "இந்த முறை படிக்கலை" என்று நினைக்கும். இந்தப் பிள்ளை "எங்க ஆளுங்களுக்கு இந்த இடம் சரிப்படாது போல" என்று நினைக்கும். அப்புறம் கை தூக்கிக் கேள்வி கேட்காது, டீச்சரைத் தேடிப் போகாது. மார்க் இன்னும் குறையும். சந்தேகம் தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும்.

அவர்கள் செய்தது எளிமையானது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்கு மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். "முதலில் எல்லோருக்குமே இங்கே அந்நியமாக இருந்தது, போகப் போகச் சரியாகிவிட்டது" என்பதுதான் அதன் சாரம். மொத்தம் ஒரு மணி நேரம். 2011-ல் வெளியான முடிவில், அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களுடன் இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு இதே யோசனையை அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஜெஃப்ரி போர்மன் குழு சோதித்தது. பள்ளிக்கு வராமல் இருப்பதும் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாவதும் குறைந்ததாக 2019-ல் எழுதினார்கள்.

ஆனால் இதைக் கேட்டதும் "சரி, கிரேடு 8 பிள்ளைகளுக்கு ஒரு பேச்சு வைத்துவிடுவோம்" என்று கிளம்பிவிடக் கூடாது. 2023-ல் 22 கல்வி நிறுவனங்களில் 26,911 மாணவர்களிடம் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். எங்கே அந்த மாணவர் கூட்டத்துக்கு உண்மையிலேயே ஒட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்ததோ, அங்கேதான் அது பலன் கொடுத்தது. விதை நல்லதாக இருந்தாலும் மண் வேண்டும். "இது உன் இடம்" என்று சொல்வதற்கு முன்னால் அது அவர்கள் இடமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன பெயரும் வாசலும் அந்த மண்தான்.

கிரேடு 11 அண்ணன் ஒருவனோ அக்கா ஒருத்தியோ கிரேடு 8 வகுப்புக்கு வந்து, தான் முதல் மாதம் பிரேக்கில் யாரோடு நிற்பது என்று தெரியாமல் டாய்லெட்டில் போய் நின்றதைச் சொன்னால், அது எந்த ஆசிரியர் பேச்சை விடவும் ஆழமாக இறங்கும். அதைச் சொன்ன கையோடு, அடுத்த பிரேக்கில் நூலகம் திறந்திருக்க வேண்டும், அங்கே போய் உட்கார ஒரு மேசை இருக்க வேண்டும்.

பிரேக் நேரத்தைப் பள்ளிகள் போதுமான அளவு கவனிப்பதில்லை. டக் ஷாப் என்கிற பள்ளித் தின்பண்டக் கடை வரிசை, மைதானம், மரத்தடி என்று எல்லா இடமும் ஏற்கெனவே யாருடையதாகவோ இருக்கும். புரட்டாசி மாதம் முழுக்கச் சைவமாக இருக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு டக் ஷாப்பில் சாப்பிட ஒன்றும் இல்லை என்றால், ஒரு மாதம் முழுக்க அது கூட்டத்தை விட்டு விலகி நிற்கும். ஹலால் பார்க்கும் பிள்ளைக்கும், கையில் காசே இல்லாத பிள்ளைக்கும் அதேதான். ஒரு சீஸ் சாண்ட்விச்சைப் பட்டியலில் சேர்ப்பது, சதுரங்கப் பலகை நான்கை வராண்டாவில் போட்டு வைப்பது, நூலகத்தில் புத்தகம் அடுக்கும் பொறுப்பைத் தனியாக நிற்கும் பிள்ளைக்குக் கொடுப்பது என்று சின்ன வேலைகள் நிறைய இருக்கின்றன. கடைசியில் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிக்குத் தன்னால் ஒரு உபயோகம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை லேசில் விலகிப் போகாது.

துண்டு துண்டாகப் பாடம்

ஒரே வகுப்பில் வைத்துவிட்டால் பிள்ளைகள் தானாகச் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைப்பது தப்பு. 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் கறுப்பு, வெள்ளை, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தபோது சண்டைதான் வந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி சொன்னார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அந்தத் துண்டை அந்தப் பிள்ளையின் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நம் ஊருக்கு ஏற்ற மாதிரி இதைப் போட்டுப் பார்ப்போம். இங்கே இந்தியர்கள் நடத்திய 1913-ம் ஆண்டுப் போராட்டம் பற்றிய வரலாற்றுப் பாடம். ஒரு பிள்ளைக்கு, ஒப்பந்தம் முடிந்தும் நாட்டிலேயே தங்கியவர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரி. இன்னொரு பிள்ளைக்கு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிய நடைப்பயணமும். மூன்றாவது பிள்ளைக்கு, சிறைக்குப் போய் நோயுற்று 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை. நான்காவது பிள்ளைக்கு, அதே 1913-ல் வந்து ஆப்பிரிக்கர்களின் நில உரிமையைப் பறித்த சட்டம். ஒவ்வொருவரும் தன் துண்டை முதலில் வேறு குழுக்களில் அதே துண்டு வைத்திருப்பவர்களோடு உட்கார்ந்து படித்துவிட்டு, பிறகு தன் குழுவுக்கு வந்து சொல்ல வேண்டும். அப்புறம் எல்லோருக்கும் முழுப் பாடத்திலும் சோதனை.

இப்போது வள்ளியம்மையைப் பற்றி ஒரு ஜூலு பையன் மற்றவர்களுக்குச் சொல்கிறான், நிலச் சட்டத்தைப் பற்றி ஒரு தமிழ்ப் பெண் சொல்கிறாள். அவன் தயங்கினால் கேலி செய்வதில் யாருக்கும் லாபமில்லை, நல்ல கேள்வி கேட்டு வரவழைத்தால்தான் சோதனையில் எழுத முடியும். ஒருவர் மேல் ஒருவருக்குத் தேவை உண்டாகும்போது மரியாதையும் கூடவே வருகிறது. ஒரு முறை செய்து விட்டுவிட்டால் பயனில்லை. வாரம் ஒரு பாடமாவது இப்படிப் போக வேண்டும்.

சிவப்புப் பேனாவும் தண்டனையும்

திருத்திய கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வரும்போது, ஒட்டாத பிள்ளைக்கு அதில் இரண்டு அர்த்தம் தெரியும். "உனக்கு இன்னும் நல்லா வரும்" என்றும் படிக்கலாம், "உனக்கு வராது" என்றும் படிக்கலாம். டேவிட் யேகர் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஏழாம் வகுப்புக் கட்டுரைகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளோடு ஒரு துண்டுச் சீட்டை ஒட்டினார்கள். உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதைத் தொட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு எழுதியிருக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி. அந்த வரி இல்லாதபோது கறுப்பினப் பிள்ளைகளில் 17 சதவீதம் பேர்தான் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்கள். வரி இருந்தபோது 70 சதவீதத்துக்கும் மேல். சின்ன வகுப்புகளில் நடந்த ஆய்வு என்பதால் இதே எண் எங்கும் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருத்தங்களைக் குறைக்காமல், நம்பிக்கையைக் கூட்டிச் சொல்ல முடியும் என்பது இதில் தெரிகிறது. இன்னொன்று, அந்த வரியை மனதாரச் சொல்ல வேண்டும். எல்லாத் தாளிலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தண்டனை விஷயமும் இப்படித்தான். பள்ளிகளில் அடிப்பதை இந்த நாட்டுச் சட்டம் 1996-லேயே தடை செய்துவிட்டது. வெளியே அனுப்புவதும் சஸ்பெண்ட் செய்வதும் மிச்சம். ஜேசன் ஒகோனோஃபுவா குழு கலிஃபோர்னியாவில் ஐந்து பள்ளிகளின் கணக்கு ஆசிரியர்களுக்கு, பிள்ளையின் பக்கத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டு கண்டிப்பது எப்படி என்று ஒரு சிறு பயிற்சி கொடுத்தது. அந்த ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகளில் ஒரு ஆண்டில் சஸ்பெண்ட் ஆனவர்கள் 4.8 சதவீதம், மற்றவர்களில் 9.6 சதவீதம். சரியாகப் பாதி.

ஒரு மூக்குத்தி நீதிமன்றத்துக்குப் போன கதை

பள்ளி விதிமுறைகளும் தினசரிப் பழக்கம்தான். இதை நம் சமூகத்தை விட நன்றாக அறிந்தவர்கள் இந்த நாட்டில் குறைவு.

2004-ல் டர்பனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண் ஒருத்தி, விடுமுறை முடிந்து சின்னதாக ஒரு தங்க மூக்குத்தியோடு திரும்பினாள். பெண் வயதுக்கு வந்ததும் மூக்குத்தி போடுவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். பள்ளி விதியில் சாதாரணக் கம்மலுக்கும் கடிகாரத்துக்கும் மட்டுமே இடம். கழற்றச் சொன்னார்கள், தாய் மறுத்தார். சமத்துவ நீதிமன்றத்தில் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் அது மாறியது. கடைசியில் 2007 அக்டோபர் 5-ம் தேதி அரசியலமைப்பு நீதிமன்றம், விதிவிலக்கு தர மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று சொன்னது. தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதிய தீர்ப்பு அது.

அந்தத் தீர்ப்பில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மூக்குத்தி மதக் கட்டாயமா, வெறும் பண்பாட்டு வழக்கமா என்ற வாதத்தில் நீதிமன்றம் சிக்கிக்கொள்ளவில்லை. ஒருவர் தானாக விரும்பிப் பின்பற்றும் வழக்கமும் அவர் யார் என்பதன் பகுதியாக இருந்தால் அதற்கும் பாதுகாப்பு உண்டு என்றது. சீருடையே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விதிவிலக்குக்கு நியாயமான இடம் வைத்து விதியை மாற்றி எழுதுங்கள் என்று உத்தரவிட்டது. மூன்றாவது எனக்கு வருத்தம் தருவது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளியை முடித்துப் போய்விட்டாள். உரிமை கிடைத்தது, ஆனால் அவளுடைய பள்ளி நாட்களில் பெரும் பகுதி வழக்கிலேயே கழிந்துவிட்டது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் பள்ளியில், தங்கள் இயற்கையான சுருட்டை முடியை "ஒழுங்காக" வைக்கச் சொல்வதை எதிர்த்துக் கறுப்பினப் பெண்கள் போராடினார்கள். மூக்குத்திக்காக நெஞ்சு நிமிர்த்திய நம் ஆட்களில் எத்தனை பேர், நம் பகுதிப் பள்ளியின் முடி விதியைப் படித்துப் பார்த்திருக்கிறோம்? மூக்குத்தி, மொட்டை அடித்த தலை, பின்னிய முடி, முக்காடு எல்லாவற்றுக்கும் கேள்வி ஒன்றுதான். இந்த விதி படிப்புக்கு உதவுகிறதா, அல்லது ஒரு கூட்டத்தின் பழக்கத்தை எல்லோருக்கும் அளவுகோல் ஆக்குகிறதா?

யார் விட்டுப்போகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

ஆசிரியர்கள் அறையில் செய்யக்கூடிய ஒரு வேலை. ஒரு கிரேடின் எல்லாப் பெயர்களையும் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஆசிரியரும், தனக்கு நன்றாகத் தெரிந்த, ஒரு கஷ்டம் என்றால் தன்னிடம் வரும் என்று நம்பும் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைக்கட்டும். அலுவலக அம்மா, வாட்ச்மேன் உட்பட. சில பெயர்களுக்கு எதிரே ஏழெட்டுப் புள்ளிகள் சேரும், பெரும்பாலும் நன்றாகப் படிப்பவர்கள், விளையாட்டு வீரர்கள், அடிக்கடி வம்பில் மாட்டுபவர்கள். சில பெயர்களுக்கு ஒன்றுமே இருக்காது. சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகும் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பெயர்களை ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொண்டு, தினம் இரண்டு வார்த்தை பேசுவது என்று முடிவு செய்யலாம். பட்டியலை வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது.

என்ன பேசுவது என்று தெரியாதவர்களுக்கு ஹன்ட்டர் கெல்பாக் குழுவின் 2016 ஆய்வு உதவும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 315 பேரிடமும் அவர்களின் ஆசிரியர்களிடமும் பிடித்தது பிடிக்காதது பற்றிக் கேட்டு, இருவருக்கும் பொதுவாக இருந்தவற்றை இரு தரப்புக்கும் சொன்னார்கள். இருவருக்கும் ஒரே விளையாட்டு பிடிக்கும் என்பது மாதிரிச் சின்ன விஷயங்கள்தான். உறவு நெருங்கியது. வழக்கமாகப் பின்தங்கும் கூட்டத்துப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்ந்தது.

வீட்டில் இருக்கும் நமக்கும் இதில் வேலை உண்டு. சாயந்திரம் வந்ததும் "டெஸ்ட்ல எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "பிரேக்ல யாரோட இருந்தே?" என்று கேளுங்கள். பதில் இரண்டு வாரமாக "சும்மா" என்றே வந்தால், பிள்ளையைத் திட்டாமல் ரெஜிஸ்டர் டீச்சரிடம் பேசுங்கள். பக்கத்து வீட்டு ஜூலு பிள்ளையும் அதே பள்ளி என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் கூப்பிடுங்கள்.

பள்ளியின் நடத்தை விதிகளை எழுதுவது தலைமை ஆசிரியர் தனியாகச் செய்யும் வேலை இல்லை. 1996-ம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி, பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் உள்ள நிர்வாகக் குழுதான், எல்லோரையும் கலந்து பேசி அதை ஏற்க வேண்டும். கிரேடு 8-ம் அதற்கு மேலும் உள்ள அரசுப் பள்ளிகளில் மாணவர் பிரதிநிதிக் குழு இருப்பதும் அதே சட்டப்படி கட்டாயம். நிர்வாகக் குழுத் தேர்தல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. கடந்த முறை 2024-ல் நடந்தது, அடுத்தது 2027. அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது விதிப் புத்தகத்தின் ஒரு பிரதி கேட்டு வாங்கி, நகை, முடி, தாமதம் ஆகிய மூன்று பக்கங்களையும் படித்துவிட்டு, மாணவர் குழுவிடம் இதைப் பற்றிக் கடைசியாக எப்போது கேட்டீர்கள் என்று கை தூக்கிக் கேளுங்கள்.